ஒரே கணக்கு, இன்னொரு வழி

போதையனார் என்ற புலவரின் பெயரில் ஒரு பாடல் பல ஆண்டுகளாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் காண அது ஒரு வழி சொல்கிறது. நீளத்தை, அதாவது அடிப்பக்கத்தை, எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைக் கழித்துவிட வேண்டும். மீதியோடு உயரத்தில் பாதியைக் கூட்டினால் வருவதே கர்ணம். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். அடிப்பக்கம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. அடிப்பக்கம் 12, உயரம் 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. பித்தாகரஸ் தேற்றம் தருவதும் இதே விடைகள்தான்.

பாடல் யாருடையது, எக்காலத்தது என்பது தமிழறிஞர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு. கணக்கு ஆசிரியருக்கு அதில் வேறொரு வேலை இருக்கிறது. இந்த வழியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘இது எல்லாச் செங்கோண முக்கோணத்துக்கும் சரிவருமா?’ என்று பத்தாம் வகுப்பில் கேட்கலாம். பித்தாகரஸ் தேற்றம் தெரிந்த எந்த மாணவராலும் இதைச் சோதித்துவிட முடியும். அடிப்பக்கம் 15, உயரம் 8 என்று எடுத்தால் கர்ணம் 17. பாட்டுவழியில் 17⅛ வருகிறது. அடிப்பக்கம் 40, உயரம் 9 என்றால் உண்மையான கர்ணம் 41. பாட்டுவழியிலோ முப்பத்தொன்பதரை. கர்ணம் அடிப்பக்கத்தைவிடச் சிறியதாகிவிட்டது! இது தவறு என்று சொல்ல பித்தாகரஸ்கூட வேண்டாம். முக்கோணத்தை வரைந்து பார்த்தாலே போதும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால், ‘பழைய வழி தப்பு, பாடப்புத்தக வழி சரி’ என்ற முடிவோடு வகுப்பு கலைந்துவிடும். இன்னும் ஓர் அடி போக வேண்டும். 4-3, 12-5 ஆகிய இரண்டுக்கும் மட்டும் எப்படித் துல்லியமாக வந்தது? அடிப்பக்கத்தை அ என்றும் உயரத்தை உ என்றும் வைத்து, இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருவதாக எழுதிப் பார்ப்போம். அ-வில் எட்டில் ஏழு பங்கையும் உ-வில் பாதியையும் கூட்டி வர்க்கப்படுத்தினால் அது அ² + உ²-க்குச் சமமாக வேண்டும். விரித்துச் சுருக்கினால் 15அ² − 56அஉ + 48உ² = 0. காரணிப்படுத்தினால் (3அ − 4உ)(5அ − 12உ) = 0. அதாவது, அடிப்பக்கமும் உயரமும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அல்லது 12-க்கு 5 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு விகிதங்களைத் தவிர வேறு எந்த முக்கோணத்திலும் பாட்டுவழி துல்லியமாக வராது. பத்தாம் வகுப்பு இயற்கணிதம் மட்டுமே தெரிந்த ஒரு மாணவி இதை யாருடைய துணையும் இல்லாமல் கண்டுபிடித்துவிடலாம்.

இதனால் பாட்டுவழியின் மதிப்பு குறைந்துவிடவில்லை. உண்மையில் இப்போதுதான் அதன் மதிப்பு நமக்குத் தெரிகிறது. நீளம் உயரத்துக்குச் சமமாக இருப்பதில் தொடங்கி, அதைப்போல் நான்கு மடங்கு இருப்பது வரை, இந்த வழியின் பிழை 3 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. கயிற்றை ஒருமுறை மடித்தால் பாதி, மூன்று முறை மடித்தால் எட்டில் ஒரு பங்கு. கால்குலேட்டர் இல்லாத இடத்தில், சரிவான கூரைக்குக் கழி எவ்வளவு நீளம் வேண்டும் என்று மதிப்பிட இது அருமையான வழி. நான்கு மடங்கைத் தாண்டினால் கைவிட்டுவிடும். ஒரு வழிமுறை எங்கே துல்லியம், எங்கே ஏறக்குறைய, எங்கே தவறு என்று மூன்றையும் இவ்வளவு தெளிவாக நமக்குச் சொன்னது எது? அதன் அருகில் நாம் வைத்த இன்னொரு வழிமுறை.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ஒரு கணக்குக்கு ஒரே வழி தெரிந்த மாணவர், தன் விடை சரியா என்பதற்கு வேறு யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். ஆசிரியரின் சிவப்பு மையையோ, புத்தகத்தின் பின்பக்க விடையையோ, கைடையோ, கணக்கைப் படம்பிடித்துக் காட்டினால் படிப்படியாகப் போட்டுத்தரும் செல்பேசிச் செயலியையோ அவர் நாட வேண்டியிருக்கிறது. இரண்டு வழி தெரிந்தவருக்கு அந்தத் தேவை பெருமளவு குறைந்துவிடுகிறது. இரண்டு திசைகளிலிருந்து நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் அவருக்கே நம்பிக்கை பிறக்கும்; சேராவிட்டால் எங்கோ பிழை இருப்பது அவருக்கே தெரிந்துவிடும். பள்ளிக் கணிதம் ஒரு குழந்தைக்குத் தரக்கூடிய மிகப்பெரிய சொத்து இந்தத் தன்னம்பிக்கைதான். அதைத்தான் நாம் சரியாகக் கொடுக்காமல் இருக்கிறோம்.

நம் பாடநூல்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இரு மாறிகள் உள்ள சமன்பாடுகளைத் தீர்க்க வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை என நான்கு இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டுக்குக் காரணிப்படுத்தும் முறை, வர்க்கப் பூர்த்தி முறை, சூத்திர முறை மூன்றும் வருகின்றன. ஆனால், ஒவ்வொரு முறைக்கும் தனித்தலைப்பு, தனிப் பயிற்சி. ‘வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க’ என்று கேள்வியே வழியையும் சொல்லிவிடுகிறது. ஒரு முறையை முடித்த பிறகுதான் அடுத்தது; முந்தையதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று முறைகளும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் நாள் பெரும்பாலான வகுப்பறைகளில் வருவதே இல்லை.

அப்படி நிறுத்தினால் என்ன கிடைக்கும்? தெரியாத எண்ணை ந என்போம். ந² − 4ந − 45 = 0. காரணிப்படுத்தினால் (ந − 9)(ந + 5). ஆக, மூலங்கள் 9, −5. நான்கு வரியில் முடிந்துவிட்டது. வர்க்கப் பூர்த்தி செய்தால் (ந − 2)² = 49 என்று வருகிறது; ந என்பது 2-லிருந்து 7 தள்ளி, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கிறது. விடை அதே 9, −5 தான். ஆனால், காரணி முறை சொல்லாத ஒன்றை இது சொல்லிவிட்டது: இரண்டு மூலங்களுக்கும் நட்டநடுவில் 2 இருக்கிறது. இதே கோவைக்கு வரைபடம் வரையச் சொன்னால் வளைவரை திரும்பும் இடம் அந்த 2 தான். அட்டவணையில் 1-க்கும் 3-க்கும் ஒரே மதிப்பு, −48, வர வேண்டும். 0-க்கும் 4-க்கும் ஒரே மதிப்பு, −45. வரவில்லை என்றால், வரைபடத் தாளில் பென்சிலை வைப்பதற்கு முன்பே கூட்டல் பிழை பிடிபட்டுவிடும். எட்டு மதிப்பெண் கேள்வியில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இப்போது 45-ஐ எடுத்துவிட்டு 1-ஐ வைப்போம்: ந² − 4ந − 1 = 0. காரணி முறை மட்டும் தெரிந்த மாணவர், பெருக்கினால் −1, கூட்டினால் −4 வரும் இரண்டு முழு எண்களைத் தேடிக்கொண்டே இருப்பார். அப்படி இரண்டு எண்கள் இல்லவே இல்லை. வர்க்கப் பூர்த்தி தெரிந்தவருக்கு (ந − 2)² = 5 என்று ஒரு வரியில் முடிகிறது. சூத்திரமும் இதையேதான் எழுத்துகளை வைத்துச் செய்கிறது என்பது அப்போது அவருக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு சூத்திரம் மறந்தாலும் திரும்ப வருவித்துக்கொள்ளலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ, ‘இரண்டு மூலங்களின் சராசரியிலிருந்து தொடங்குங்கள்’ என்ற வழியை 2019-ல் விளக்கி எழுதியபோது அது உலகெங்கும் பேசப்பட்டது. அதன் கூறுகள் பாபிலோனியர் காலத்திலேயே இருந்தவை என்று அவரே சொன்னார். இவ்வளவு பழைய ஒரு கணக்கில்கூட, வழிகளை வேறு வரிசையில் வைத்துப் பார்க்க ஒருவர் முன்வந்தால் ஆசிரியர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்த ஒற்றை வழிப் பழக்கம் பத்தாம் வகுப்பில் தொடங்குவதல்ல. மூன்றாம் வகுப்புப் பிள்ளை 503-லிருந்து 278-ஐக் கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பூஜ்யம் இருப்பதால் கடன் வாங்குவதில் தடுமாறுகிறது. அருகில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, மளிகைக் கடைக்காரர் பாக்கிச் சில்லறை எண்ணித் தருவதுபோல் சொல்லித்தருகிறார்: “278-க்கு 2 போட்டா 280. இன்னும் 20 போட்டா 300. அப்புறம் 200 போட்டா 500. மேல ஒரு மூணு. மொத்தம் எவ்வளவு?” பிள்ளை 225 என்று சரியாகச் சொல்லிவிடுகிறது. ஆனால், நோட்டில் எழுத மறுக்கிறது. “எங்க மிஸ் இப்படிச் சொல்லித் தரல தாத்தா. இப்படிப் போட்டா தப்புன்னு போட்டுருவாங்க.” எட்டு வயதிலேயே அந்தப் பிள்ளை, கணக்கில் சரி என்பது விடையைப் பொறுத்ததல்ல, சொல்லித்தந்தவரைப் பொறுத்தது என்று கற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புகளில் பாடலும் பொருள்களும் விளையாட்டுமாகக் கணக்கைக் கொண்டுவந்தது. ஒரே எண்ணைப் பல விதமாகக் கையாளும் அந்தத் துணிவு மேல்வகுப்புக்குப் போகப்போகக் கூட வேண்டும். நடப்பது அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

தாத்தா சொல்லித்தந்தது போன்ற வழிகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கோழியும் முயலும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூண்டில் தலைகள் 35, கால்கள் 94. கோழி எத்தனை, முயல் எத்தனை? ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ‘சுன்சி’ சீனக் கணித நூலில் இருக்கும் கணக்கு இது. நாம் உடனே இரண்டு சமன்பாடுகளை எழுதி நீக்கல் முறைக்குப் போவோம். அந்த நூலோ கால்களைப் பாதியாக்கச் சொல்கிறது: 47. அதில் தலைகள் 35-ஐக் கழித்தால் 12 முயல். மீதி 23 கோழி. ஏன் இப்படி? ஒவ்வொரு பிராணியும் தன் கால்களில் பாதியைத் தூக்கிக்கொண்டால் கோழிக்கு ஒரு தலைக்கு ஒரு கால், முயலுக்கு ஒரு தலைக்கு இரண்டு கால். தலையைவிடக் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு காலும் ஒரு முயல். இதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு நீக்கல் முறையில் சமன்பாட்டை ஏன் 2-ஆல் வகுக்கிறோம், ஏன் கழிக்கிறோம் என்பது சடங்காகத் தோன்றாது.

ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் வரும் மறுப்பு நியாயமானது. ‘போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு ஒரு முறையே பாடாய் இருக்கிறது; இரண்டைக் காட்டினால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.’ இதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பெத்தனி ரிட்டில்-ஜான்சன், ஜான் ஸ்டார் ஆகிய ஆய்வாளர்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் 70 பேரை வைத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அதிகம் பேசப்படுவது. இரு குழுக்களும் படித்தது ஒரே தீர்வுமுறைகளைத்தான். ஒரு குழுவுக்கு அவை பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டு ஒப்பிடச் சொல்லப்பட்டது. இன்னொரு குழு ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தது. ஒப்பிட்டவர்கள் கணக்குப் போடும் திறனிலும், கணக்குக்கு ஏற்ப வழியைத் தேர்ந்தெடுக்கும் திறனிலும் கூடுதலாக முன்னேறினார்கள். ஆனால், இதே ஆய்வாளர்களின் 2009-ஆம் ஆண்டு ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தந்தது: இயற்கணித முறை எதையும் முன்பு தொட்டுப் பார்க்காத மாணவர்களுக்கு, முறைகளை ஒப்பிடுவதிலிருந்து தொடங்குவதைவிட ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதே நன்மை தந்தது. எனவே, முதல் வழி ஓரளவு கைவந்த பிறகே இரண்டாவது வழி வர வேண்டும். ஆசிரியர்களின் அச்சத்துக்கு இதில் இடம் இருக்கிறது. இரண்டாவது வழியே வேண்டாம் என்பதற்கு மட்டும் இடம் இல்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரே மாதிரிக் கணக்குகள் பத்து இருக்கும் பயிற்சியில் ஆறைப் போட்டுவிட்டு, அவற்றில் இரண்டை மட்டும் வேறு வழியில் திரும்பப் போட்டால் நேரம் மிச்சமாகவே வாய்ப்புண்டு. ஏழாவது கணக்கு ஆறாவது சொல்லாத எதையும் சொல்லப்போவதில்லை.

ஜப்பானிய வகுப்பறைகள் இதை எப்படிச் செய்கின்றன என்பது உலகறிந்தது. 1990-களின் நடுவில், டிம்ஸ் சர்வதேச ஆய்வின் பகுதியாக ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் வீடியோவில் பதிவுசெய்யப்பட்டன. அவற்றை வைத்து ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-ல் ‘தி டீச்சிங் கேப்’ என்ற நூலை எழுதினார்கள். ஜப்பானிய வகுப்பில் வழக்கமாக ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கணக்குகள்தான். ஆசிரியர் கணக்கைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தாமாகவே போராட விட்டுவிடுகிறார். மேசைகளுக்கு நடுவே நடந்து யார் எந்த வழியில் போகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார். பிறகு தானே முடிவுசெய்த வரிசையில் மாணவர்களைப் பலகைக்கு அழைக்கிறார். வெவ்வேறு வழிகள் பலகையில் இடம்பெறுகின்றன. எதையும் அழிப்பதில்லை. பாடம் முடியும்போது அந்த மணிநேரத்தின் சிந்தனை முழுவதும் ஒரே பலகையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. இதற்குப் பணமோ கருவியோ வேண்டாம். ஆனால், எந்தக் கணக்குக்குப் பிள்ளைகள் எத்தனை வழிகளில் போவார்கள் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும். அங்கே ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, திருத்திக்கொள்ளும் மரபு இருக்கிறது. நம் ஆசிரியர் பயிற்சி நாட்களில் ஒரு பகுதியை இப்படிச் செலவிடுவதை எது தடுக்கிறது?

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்கள் விற்கும் ‘ஷார்ட்கட்’களை இரண்டாவது வழி என்று நம்பிவிடக் கூடாது. 98-ஐ 97-ஆல் பெருக்க, 100-க்குக் குறைவு 2, 3 என்று எழுதி, 98-லிருந்து 3-ஐக் கழித்து 95, பக்கத்தில் இரண்டையும் பெருக்கி 06, ஆக 9506 என்று நொடியில் சொல்லித்தருகிறார்கள். விடை சரி. (100 − 2)(100 − 3) என்பதை விரித்துப் பார்த்த பிள்ளைக்கு இது அழகான இரண்டாவது வழி. விரித்துப் பார்க்காத பிள்ளைக்கு இது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு சுமை. 100-க்கு அருகில் இல்லாத எண்கள் வந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. இரண்டு வழிகளும் ஏன் ஒரே விடையைத் தருகின்றன என்று மாணவரால் சொல்ல முடிகிறதா என்பதே உரைகல்.

விடை ஏற்கெனவே தெரிந்துவிட்ட கணக்கை மறுபடி ஏன் போட வேண்டும் என்று கேட்பவர்கள் ராமானுஜனின் ஒரு கட்டுரையை நினைத்துக்கொள்ளலாம். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில் குறைந்தது ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்று 1845-ல் பெர்ட்ரண்ட் ஊகித்தார். ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் சில ஆண்டுகளிலேயே அதை நிரூபித்துவிட்டார். கணக்கு முடிந்தது. ஆனால், 1919-ல் ராமானுஜன் அதே கூற்றுக்கு மிகச் சுருக்கமான இன்னொரு நிரூபணத்தை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். புதிய வழி புதிய இடத்துக்கும் கொண்டுசென்றது. ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையில், 11-லிருந்து எப்போதும் குறைந்தது இரண்டு பகா எண்கள், 17-லிருந்து மூன்று, 29-லிருந்து நான்கு, 41-லிருந்து ஐந்து என்று அதே கட்டுரை நீட்டித்துக் காட்டியது. அந்த 2, 11, 17, 29, 41 என்ற வரிசைதான் இன்று ‘ராமானுஜன் பகா எண்கள்’. அதோடும் நிற்கவில்லை. 1932-ல் இளைஞர் பால் எர்டிஷ் அதே கூற்றுக்கு மற்றொரு நிரூபணம் தந்தார். கணித உலகத்துக்கு அவரை அறிமுகப்படுத்தியதே அதுதான். கும்பகோணத்தில் படித்த அந்தப் பிள்ளையின் பிறந்த நாளை ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று கணித தினமாகக் கொண்டாடுகிறோம். விழாப் பேச்சுகளில் 1729 என்ற எண் தவறாமல் வருகிறது. இந்த 1919-ஆம் ஆண்டுக் கட்டுரையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பித்தாகரஸ் தேற்றத்தின் கதையும் இப்படித்தான். ஈலைஷா லூமிஸ் தொகுத்த நூலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட நிரூபணங்கள் இருக்கின்றன. பின்னாளில் அமெரிக்க அதிபரான கார்ஃபீல்டு 1876-ல் ஒரு சரிவகத்தை வைத்துத் தந்த நிரூபணமும் அவற்றில் அடக்கம். இனி என்ன மிச்சம் என்று நினைத்திருந்த வேளையில், நியூ ஆர்லியன்ஸ் நகரப் பள்ளி மாணவியர் இருவர் முக்கோணவியலை வைத்துப் புதிய நிரூபணம் கண்டு 2023-ல் கணிதவியலாளர்கள் முன்னிலையில் சமர்ப்பித்தார்கள். பள்ளியில் ஒரு போட்டியின் கூடுதல் கேள்வியாக ‘புதிய நிரூபணம் தருக’ என்று கேட்டதுதான் தொடக்கம். யாரோ ஒருவர் கேட்டார். அதனால் அவர்கள் தேடினார்கள்.

நம் தேர்வுகள் கேட்பதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாளில் மாற்று முறையில் சரியாகப் போட்டிருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை என்பது நல்ல ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆனால், அது மதிப்பீட்டு அறையில் காட்டும் சலுகையாகவே இருக்கிறது. பிள்ளைக்கு அது தெரிவதில்லை. பருவத் தேர்விலும் அலகுத் தேர்விலும், ‘புத்தகத்தில் இருப்பதுபோல் போடு’ என்ற அறிவுரையே எங்கும் கேட்கிறது. ஸ்டெப் மார்க் போய்விடும் என்ற பயம் வீட்டிலும் டியூஷனிலும் அதை இன்னும் இறுக்குகிறது. பெற்றோரும் ஆசிரியரும் தேர்வைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கேள்வித்தாளை மாற்றுவதே குறுக்கு வழியில்லாத வழி.

அது பெரிய மாற்றமாக இருக்க வேண்டியதில்லை. கணிதத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் பத்து எழுத வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்றே ஒன்றை இப்படிக் கேட்கலாம்: ‘கீழ்க்கண்ட சமன்பாட்டை ஏதேனும் இரண்டு முறைகளில் தீர்த்து, இக்கணக்குக்கு எது பொருத்தமான முறை எனக் காரணத்துடன் கூறுக.’ ஒவ்வொரு முறைக்கும் இரண்டு மதிப்பெண், காரணத்துக்கு ஒன்று. கேள்வியே முறையின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. விடைக்குறிப்பில் காரணத்துக்கான ஒரு மதிப்பெண்ணுக்கு நேராக எந்த வாக்கியத்தையும் அச்சிடக் கூடாது. திருத்தும் ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். பள்ளிக் கல்வித் துறை இதை முதலில் காலாண்டுத் தேர்வில் ஓராண்டு செய்துபார்த்துவிட்டுப் பொதுத்தேர்வுக்குக் கொண்டுபோகலாம்.